ஜெனரல் வந்த மறுநாள் காலை

நாவலின் முதல் பிரதி 212 பக்கம் வந்திருந்தது. அதை முதலில் படித்தவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா. நான்கு நாள் வைத்திருந்து படித்துவிட்டு, ஒரு மாலையில் வீட்டுக்கு வரச் சொன்னார். காபி வந்தது. காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, உங்கள் ஜெனரல் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்சியைப் பிடித்துவிட்டார். நல்லது. காலை ஐந்து மணிக்குப் பால்காரன் வந்தானா?”

என்னிடம் பதில் இல்லை. ஜீப்புகள், துப்பாக்கிகள், வானொலி அறிவிப்பு, மந்திரிகள் கைது என எல்லாம் எழுதியிருந்தேன். பால்காரனைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் கேள்விக்குப் பிறகு நாவலைத் திரும்ப எழுதி முடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நடக்காத வரலாற்றைக் கதையாக எழுத நினைக்கும் யாருக்காவது அதில் சில மாதங்களாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை இதுதான். 1964ல் நேரு மறைந்த பிறகு, நாட்டின் தலைமை ஒரு ராணுவ ஜெனரலின் கைக்குப் போகிறது. அதைச் சென்னையில் ஓர் அரசு அலுவலகக் குமாஸ்தா எப்படிப் பார்க்கிறான் என்பது நாவல். நானே 31 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். வளர்ந்தது வியாசர்பாடியில். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு, ஒரு ஜெனரல் நாட்டுக்குத் தலைவரானால் என்ன ஆகும் என்பது கற்பனைக் கேள்வி அல்ல. அடுத்த வீட்டுப் பாட்டி மூக்குத்தி இல்லாமல் ஏன் வந்து இறங்கினார் என்பதற்கான பதில் அது. அந்தப் பாட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் தவறவிட்டது, வரலாறு திரும்பும் இடத்தை. முதல் பிரதியில் அதை 1959ல் வைத்திருந்தேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று தரைப்படைத் தலைவர் திம்மையா, பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனனோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு கூப்பிட்டுப் பேசியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதைப் படித்ததும் எனக்குக் கதை கிடைத்துவிட்டது போலிருந்தது. அவர் திரும்பப் பெறாமல், படையோடு டெல்லிக்குள் வந்திருந்தால்? உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

சுபேதார் ஐயாவுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. “அந்த மனிதர் கொரியாவில் கைதிகளைப் பிரித்து அனுப்பும் பொறுப்பை ஏற்று உலகமே மெச்சும்படி முடித்தவர். சைப்ரஸில் ஐக்கிய நாடுகள் படைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தபோது உயிர் போனது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதுதான் அவர் செய்தது. செய்யாததை ஏன் அவர் தலையில் கட்டுகிறீர்கள்?” என்றார்.

நியாயமான கேள்வி. மாற்று வரலாறு எழுதுகிறவருக்கு, நிஜ மனிதர்களை எது வேண்டுமானாலும் செய்ய வைக்கலாம் என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடுகிறது. அவர்கள் நிஜமாகச் செய்தவற்றை மாற்றாமல், அவர்களைச் சுற்றியுள்ள சூழ்நிலையை மட்டும் மாற்றுவது என்று அன்று முடிவு செய்தேன். ஆட்சியைப் பிடிக்கும் ஆள் கற்பனையாகத்தான் இருக்க வேண்டும். என் நாவலில் இப்போது அவருக்குப் பெயரே இல்லை. எல்லோரும் ‘ஜெனரல்’ என்றுதான் சொல்கிறார்கள். பெயரை எடுத்த பிறகுதான் அவர் ஓர் ஆளாக உருவானார். அதுவரை ஒரு நிஜ மனிதரின் படத்தில் மீசை வரைந்துகொண்டிருந்தேன்.

1959ஐக் கைவிட இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு ஜெனரலின் மனக்கசப்பு ஒரு நாட்டைக் கவிழ்க்கப் போதாது. பக்கத்து நாடுகளைப் பார்த்தால் அது தெரியும். 1958 அக்டோபரில் பாகிஸ்தானில் ராணுவச் சட்டம் வந்து, அதே மாதத்தில் அயூப் கான் ஜனாதிபதியானார். அதற்கு முந்தைய 11 ஆண்டுகளில் அங்கே ஏழு பிரதமர்கள் வந்து போயிருந்தார்கள். நாடு முழுவதற்குமான ஒரு பொதுத்தேர்தல்கூட நடந்திருக்கவில்லை. அதே 1958ல் பர்மாவில் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தது. பிரதமர் ஊ நூ தானே ஜெனரல் நே வின்னை அழைத்து ஆட்சியைக் கொடுத்தார். இரண்டு இடத்திலும் கதவு உள்ளிருந்தே இற்றுப் போயிருந்தது.

நம் நாட்டில் அப்படியில்லை. 1952, 1957, 1962 என மூன்று தேர்தல்கள் முடிந்திருந்தன. வெள்ளைக்காரர் காலத்தில் தலைமைத் தளபதி என்றால் வைஸ்ராய்க்கு அடுத்த ஆள். அவர் குடியிருந்த மாளிகை சுதந்திரத்துக்குப் பிறகு பிரதமரின் வீடாயிற்று. அதுதான் தீன் மூர்த்தி பவன். 1955ல் தலைமைத் தளபதி என்ற பதவிப் பெயரையே எடுத்துவிட்டு, முப்படைக்கும் தனித்தனித் தலைவர்களை வைத்தார்கள். முதல் இந்தியத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியாவுக்குத் தூதராகப் போனார். இந்திய ஜெனரல் ஒருவர் ஆட்சியும் நடத்தியிருக்கிறார்: 1948 செப்டம்பரில் ஐதராபாத் இணைந்தபோது ஜே. என். சௌத்ரி அங்கே ராணுவ கவர்னராக ஓராண்டுக்கு மேல் இருந்தார். பிறகு பொறுப்பை சிவில் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டுப் படைக்குத் திரும்பினார்.

இவ்வளவையும் தாண்டி என் ஜெனரல் எப்படி உள்ளே வருவார்? ஐந்து மாதம் இதிலேயே போனது.

1964 மே 27லிருந்து நாள் நாளாக எடுத்துப் படிக்கத் தொடங்கியபோதுதான் ஒரு வழி தெரிந்தது. அன்று பிற்பகல் நேரு காலமானார். அப்போது தரைப்படைத் தலைவர் அதே சௌத்ரி. இறுதி ஊர்வலக் கூட்டத்தைச் சமாளிக்க அவர் டெல்லிக்குக் கூடுதல் படையை வரவழைத்தார். அதைப் பற்றிப் பின்னால் சந்தேகப் பேச்சும் எழுந்தது. குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமர். யார் அடுத்து என்று கட்சிக்குள் போட்டி. இப்படிப்பட்ட நாட்களில்தான் மற்ற நாடுகளில் டாங்கிகள் வந்திருக்கின்றன. இங்கே ஏன் வரவில்லை என்று பார்த்தால், நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் ஒரு வீட்டில் வந்து நின்றேன்: தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் குடியிருந்த வாடகை வீடு.

அவர்தான் அப்போது காங்கிரஸ் தலைவர். முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் சென்னை முதலமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். நேரு மறைந்ததும் எம்.பி.க்கள், முதலமைச்சர்கள், கட்சித் தலைவர்கள் என ஒவ்வொருவரின் மனத்தையும் கேட்டறிந்து, போட்டியில் இருந்த மொரார்ஜி தேசாயையும் அனுசரித்து, ஜூன் 2 அன்று லால்பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வைத்தார். ஜூன் 9 அன்று சாஸ்திரி பதவியேற்றார். பத்தொன்பது மாதத்தில் தாஷ்கண்டில் சாஸ்திரியும் இறந்துபோக, 1966 ஜனவரியில் அதே வேலையைக் காமராஜர் இரண்டாம் முறையும் செய்தார். அந்த முறை வாக்கெடுப்பு: இந்திரா 355, மொரார்ஜி 169.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஜெனரலை வரவிடாமல் கதவை அடைத்துக்கொண்டு நிற்பவர் காமராஜர். ஜெனரல் வர வேண்டுமென்றால் அவரை நான் அகற்ற வேண்டும். எங்கள் வீட்டில் என் தந்தை முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போனது அவர் காலத்தில்தான். எழுத்தில்கூட அவரைக் கொல்லக் கை வரவில்லை. கடைசியில் அவரை நாற்பது நாள் விஷக்காய்ச்சலில் படுக்க வைத்தேன். அவ்வளவுதான் நான் மாற்றியது. கேட்டறிந்து பேச ஆளில்லாமல் கட்சி இரண்டு பெயர்களுக்கு நடுவே உடைகிறது. இரு தரப்பும், ஆறு மாதத்துக்கு மட்டும் ஒரு பொது மனிதர் இருக்கட்டும் என்று ஜெனரலைக் கூப்பிடுகின்றன.

நான் கண்ட அளவில் மாற்று வரலாற்றுக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். அதுவும் சிறியதாக இருக்க வேண்டும். எது பிடித்து நிறுத்தியிருந்தது என்று தேடி, அந்த ஒரு ஆணியை மட்டும் உருவிப் பாருங்கள். நான் முதல் பிரதியில் பதினொரு இடங்களில் வரலாற்றை மாற்றியிருந்தேன். எதுவுமே நம்பும்படி இல்லை.

இன்னொரு சிக்கலும் சென்னையிலிருந்தே வந்தது. அப்போதைய ஜனாதிபதி திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன். அரசியல் சாசனப்படி முப்படைக்கும் தலைவர் அவர். ஜெனரலை நியமிக்கும் உத்தரவில் அவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை அவரிடமிருந்து வாங்கவும் எனக்கு மனம் வரவில்லை. இதற்கான தீர்வு என் அலுவலக அனுபவத்திலிருந்து கிடைத்தது. அசலை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? எங்கள் மேசைக்கு வருவது ‘உண்மை நகல்’ என்று யாரோ ஒருவர் சான்றளித்த தாள்தான். என் நாவலில் அந்த உத்தரவின் அசலை யாருமே பார்ப்பதில்லை. நகல்கள் மட்டும் நாடெங்கும் போகின்றன.

அடுத்தது ஊர். முதல் பிரதியில் பரங்கிமலையிலிருந்து படை கிளம்பி விடியலில் கோட்டையைப் பிடிப்பதாக எழுதியிருந்தேன். சுபேதார் ஐயா கேட்டார்: “1964ல் பரங்கிமலையில் யார் இருந்தார்கள் தெரியுமா? அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி அங்கே 1963ல்தான் வந்தது. சீனச் சண்டைக்குப் பிறகு அவசரமாகச் சேர்த்த பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். அவர்களை வைத்தா ஆட்சியைப் பிடித்தீர்கள்? இந்த ஊருக்கு உத்தரவு பூனாவில் உள்ள தென்மண்டலத் தலைமையகத்திலிருந்து வர வேண்டும்.” அந்த அத்தியாயத்தை அப்படியே கிழித்தேன். ஆனால் வழியை மட்டும் விட மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குப் பரங்கிமலையிலிருந்து கோட்டைக்கு நடந்தேன்.

சுமார் 15 கிலோமீட்டர். கிண்டியைத் தாண்டி சைதாப்பேட்டைக்கு வந்து, அடையாற்றின் மேல் உள்ள பாலத்தில் நின்றேன். மறைமலை அடிகள் பாலம் என்று இன்று பெயர். மர்மலாங் பாலம் என்று அன்று. அங்கே நின்றதும் ஒன்று உறைத்தது. இரண்டு லாரிகளைக் குறுக்கே நிறுத்தினால் இந்தச் சாலை வழியாக எதுவும் நகருக்குள் வராது. பதினைந்து பக்கம் எழுதியும் எனக்குத் தெரியாத செய்தி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கை வைத்ததும் தெரிந்தது. நாவலில் இப்போது துப்பாக்கிச் சண்டை எதுவும் இல்லை. அந்தப் பாலத்தில் இரவு முழுவதும் நிற்கும் இரண்டு லாரிகளும், பீடிக்கு நெருப்புக் கேட்கும் ஒரு டிரைவரும்தான் இருக்கிறார்கள்.

ஜெமினி மேம்பாலம் 1973ல் வந்தது. மனத்தால் அதை அழித்துவிட்டு நடந்தேன். எல்.ஐ.சி. கட்டடம் 1959லேயே வந்துவிட்டதால் அதை விட்டுவைத்தேன். வெளிச்சம் பரவும் நேரத்தில் தீவுத்திடலை ஒட்டி மன்றோ சிலை. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை எத்தனை முறை கடந்திருப்பேன்! அன்றுதான் நின்று யோசித்தேன். தாமஸ் மன்றோ ஒரு மேஜர் ஜெனரல். 1820 முதல் 1827ல் காலராவில் இறக்கும்வரை சென்னை மாகாணத்துக்கு கவர்னர். நேராக உழவனிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையைப் பரப்பியவர். மக்கள் அவரை விரும்பினார்கள், பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்தார்கள் என்பார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கோட்டைக்குள் போனால் கிளைவ் குடியிருந்த வீடு. 1744ல் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கெழுதும் இளைஞனாக இந்த ஊரில் இறங்கி, பட்டாளக்காரனாக மாறி, வங்காளத்தையே ஆண்டவன். அதே கோட்டை மதிலுக்குள் இன்றும் சட்டமன்றமும் இருக்கிறது, ராணுவத்தினரும் இருக்கிறார்கள்.

மன்றோ சிலை எனக்கு ஒரு முக்கியமான திருத்தத்தைக் கொடுத்தது. என் முதல் பிரதியின் ஜெனரல் கொடுங்கோலன். உறுமுவார், சுடச் சொல்லுவார். அப்படி ஒரு ஆளை யார் வரவேற்பார்கள்? நல்லவராக, உழைப்பாளியாக, லஞ்சம் வாங்காதவராக, ஏழை உழவன் மேல் இரக்கம் உள்ளவராக இருக்கும் ஜெனரல்தான் உண்மையான சோதனை. அப்போதுதான் வாசகரே ஒரு கட்டத்தில், ‘இவரே இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று நினைப்பார். அப்படி நினைக்க வைத்த பிறகுதான், ‘இவரை எப்படி இறக்குவது?’ என்ற கேள்விக்குக் கனம் வரும். மன்றோவை அனுப்பியது லண்டன். திரும்பக் கூப்பிடவும் லண்டனால் முடியும். பிள்ளைக்கு அவர் பெயரை வைத்த உழவனால் முடியாது.

இதற்கும் முன்மாதிரி ரங்கூனில் இருந்தது. 1958ல் அழைத்ததன் பேரில் வந்த நே வின், தெருக்களைச் சுத்தம் செய்தார், விலையை இறக்கினார், குடிசைகளில் இருந்தவர்களுக்கு நகருக்கு வெளியே புது ஊர்கள் அமைத்தார். 1960ல் தேர்தல் நடத்தி, வென்ற ஊ நூவிடம் சொன்னபடி ஆட்சியைத் திருப்பியும் கொடுத்தார். சொன்ன சொல் காப்பவர் என்று பெயர் வாங்கினார். 1962 மார்ச் 2 அன்று திரும்ப வந்தபோது யாரும் அழைக்கவில்லை. அந்த ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுடப்பட்டார்கள்; மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். என் ஜெனரலும் முதல் முறை ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நாவலின் மிக அபாயமான அத்தியாயம் என்று நான் கருதுவது அதைத்தான்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் குமாஸ்தா டிராமில் அலுவலகம் போனான். சென்னையில் டிராம் 1953லேயே நின்றுவிட்டது. இப்படி ஒரு தவறு இருந்தால் வாசகர் அதன் பிறகு எதையும் நம்பமாட்டார். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் உட்கார்ந்து பழைய நாளிதழ்களையும் வார இதழ்களையும் பார்த்தேன். தலைப்புச் செய்திகளைவிட விளம்பரங்களைப் படியுங்கள் என்பேன். சொற்களும் அங்கேதான் கிடைக்கும்: சர்க்கார், பிரதம மந்திரி, அபேட்சகர் (வேட்பாளர்), சென்னை ராஜ்யம். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரியில்தான் சட்டப்படி வந்தது. நான் மிகவும் மகிழ்ந்த கண்டுபிடிப்பு ஒன்று: ‘நயா பைசா’வில் உள்ள ‘நயா’வை 1964 ஜூன் 1ஆம் தேதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கதை நடக்கும் நாட்களுக்குள் விழுகிறது! புது ஆட்சி வரப் போகிறது என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், பைசாவின் பெயர் மாறியதைப் பற்றிக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசிக்கொள்கிறார்கள். நானாக யோசித்திருந்தால் இது வந்திருக்காது.

இன்னொன்று சட்டம் தேடும்போது தெரிந்தது. சீனப் போருக்காக 1962 அக்டோபர் 26 அன்று அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை விலக்கப்படவே இல்லை. ஆக, 1964ல் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் இந்தியப் பாதுகாப்பு விதிகள் ஏற்கெனவே கையில் இருந்தன. என் ஜெனரல் புதிதாக ஒரு சட்டமும் போட வேண்டியதில்லை. முதல் பிரதியில் அவருக்காக நான் எழுதிய பயங்கரமான ஆணைகளை எல்லாம் எடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்தேன்.

இதோடு சுபேதார் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். பால்காரன் வந்தான். அதுதான் பதில். பால் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, பத்தேகாலுக்கு அலுவலகம் திறந்தது. தபால் பிரிவில் கட்டைப் பிரிக்கிறான் என் குமாஸ்தா. மேலே இருப்பது வழக்கமான கடிதங்கள்: ஓய்வூதிய விண்ணப்பம், கிணற்றுத் தகராறு மனு, விடுப்பு நீட்டிப்பு. ஆறாவதாக ஒரு தாள். தட்டச்சில் நான்காம் நகலோ ஐந்தாம் நகலோ, எழுத்து மங்கியிருக்கிறது. மறு உத்தரவு வரும்வரை எல்லா அலுவலகங்களும் ராணுவ நிர்வாகத்தின் ஆணைகளை ஏற்று நடக்க வேண்டும் என்கிறது. கீழே ‘உண்மை நகல்’ என்று ஒரு முத்திரை. அவன் அதை இரண்டு முறை படிக்கிறான். சுற்றிலும் பார்க்கிறான். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மையொற்றியில் தேதி முத்திரையை அழுத்தி, தாளின் வலது மூலையில் வைக்கிறான். பதிவேட்டைத் திறந்து முந்தைய எண்ணைப் பார்க்கிறான். அதற்கு அடுத்த எண்ணை எழுதுகிறான்.

என்னைப் பொறுத்தவரை ஜெனரல் ஆட்சிக்கு வந்த நொடி அதுதான். பரங்கிமலையிலோ டெல்லியிலோ நடந்தது அல்ல. தாளுக்கு எண் போட்டாயிற்று என்றால் அதற்கு ஒரு பதில் எழுத வேண்டும், ஒரு ஃபைல் திறக்க வேண்டும், ஒவ்வொரு குமாஸ்தாவும் வைத்திருக்கும் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏன் நிலுவை என்று மாதக் கடைசியில் யாராவது கேட்பார்கள். இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் தபால் பிரிவுகள்! ஒவ்வொன்றிலும் ஒருவர் எண் போட வேண்டும். 31 ஆண்டுகள் நானும் எண் போட்டவன். அந்தத் தாள் என் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டுதான் அந்த அத்தியாயத்தை ஒன்பது முறை எழுதினேன்.

பர்மாவில் எண் போட்ட கதையை எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லியிருக்கிறார். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது ரங்கூன் மொகல் தெருவுக்குப் பக்கத்தில் அவர் கணவருக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. அவருக்கு அப்போது 24 வயது. இப்போது 80ஐத் தாண்டிவிட்டது. நாவலுக்காக மூன்று மாதம், வாரம் ஒருமுறை அவரிடம் போய் உட்கார்ந்தேன். பெரிய கேள்விகள் கேட்டால் பதில் வராது. ‘ஆட்சி எப்படி இருந்தது பாட்டி?’ என்றால், ‘எப்படி இருக்கும் ராசா, ஆட்சி மாதிரிதான் இருந்தது’ என்பார். ‘கடையை எடுத்துக்கொண்ட அன்று காலையில் என்ன சமைத்தீர்கள்?’ என்று கேட்ட பிறகுதான் எல்லாம் வந்தது. வயதானவர்களிடம் கேட்டு எழுதுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்: சமையல், துணி, கடன், பிள்ளைகளின் உடம்பு. அந்த வழியாகத்தான் வரலாறு வெளியே வரும்.

ஓர் இளம் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்களாம். படி, உழக்கு, தராசுக் கல், வெறும் சாக்கு வரை எண்ணி எழுதினார்களாம். கடைக்கு ஓர் எண் கொடுத்து, மக்கள் கடை என்று பலகை மாட்டினார்களாம். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. தலையணைக்குள் வைத்திருந்தது காகிதமாகிவிட்டது. அந்த ஆண்டே கப்பல் ஏறினார்கள். கிளம்பும்போது சோதனையில் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். “மூளிக் காதோடுதான் மதராஸில் இறங்கினேன்” என்றார். அந்த ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் அப்படிக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே தட்டுக்கடை போட்டதுதான் பர்மா பஜார். அங்கே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும் இளைஞர்களிடம் ஒரு ஜெனரலின் பெயரைச் சொன்னால் தெரியாது. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் தட்டு அவர் அனுப்பியதுதான்.

நே வின் 1962லிருந்து 26 ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்தார். 1987ல் மறுபடியும் நோட்டுகளைச் செல்லாததாக்கி, தனக்குப் பிடித்த ஒன்பதால் வகுபடும்படி 45, 90 கியாட் நோட்டுகளை வெளியிட்டார். இதை நான் நாவலில் சேர்க்கவில்லை. நிஜமாக நடந்ததுதான் என்றாலும் கதையில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், சென்னைக் கடை ஒன்றுக்குக் கணக்கெடுக்க வரும் இளம் அதிகாரி, பாட்டி சொன்னதிலிருந்து உருவானவன். எழுதி முடித்ததும் அதைப் பாட்டியிடமே படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அவனைக் கொஞ்சம் முரடனாக எழுதியிருந்தேன். சாக்கை உதைப்பான், அதட்டுவான். படித்து முடித்த பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் நான்காக மடித்த ஒரு 100 கியாட் நோட்டு இருந்தது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் தபால்தலைத் தாள் ஒட்டியிருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

“அவன் அதட்டவில்லை ராசா. மரியாதையாகத்தான் பேசினான். என் தம்பி வயதுதான் இருக்கும். வெயிலில் வந்திருந்தான். எண்ண ஆரம்பிப்பதற்கு முன்னால் குடிக்கத் தண்ணீர் கேட்டான். நான்தான் செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அதை எழுதவில்லையே நீ?”

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்தேன். உதைப்பதையும் அதட்டுவதையும் அடித்துவிட்டு, அந்தப் பையனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தேன்.